நெட்வொர்க் வரைந்த நிறை வரைபடம்: எது வானத்திலிருந்து வந்தது, எது சிமுலேஷனிலிருந்து வந்தது?

கேலக்ஸிக் கொத்து ஒன்றின் நிறையில் சுமார் 85 சதவீதம் கரும்பொருள். பத்துப் பன்னிரண்டு சதவீதம், கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில் எக்ஸ்-கதிர் வீசும் வாயு. மீதிச் சில சதவீதம்தான் படத்தில் மின்னும் விண்மீன்கள். கோமா கொத்தில் கேலக்ஸிகள் ஓடுகிற வேகத்துக்குக் கண்ணுக்குத் தெரியும் நிறை போதவே போதாது என்று 1933-இல் ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி கணக்குக் காட்டினார். அந்தத் தெரியாத நிறை எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று வரைவது அதன்பிறகு ஒரு தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. இப்போது அந்த வேலையில் நியூரல் நெட்வொர்க்குகளும் இறங்கியிருக்கின்றன.

கொத்தின் ஈர்ப்பு ஒரு வில்லையைப் போல ஒளியை வளைப்பதால் (ஈர்ப்பு வில்லை விளைவு) பின்னணிக் கேலக்ஸிகளுக்கு வரும் வடிவத் திரிபு, எக்ஸ்-கதிர்ப் படம், மைக்ரோஅலை வரைபடம் ஆகியவற்றை உள்ளே கொடுத்தால், ஒரு நொடிக்குள் வழவழப்பான நிறை வரைபடம் வெளியே வருகிறது. தரவு நன்றாக இருந்தாலும் படம் அழகாக வரும்; தரவு மோசமாக இருந்தாலும் அழகாகத்தான் வரும். சிக்கலே அங்கேதான். தரவில் இல்லாததை, தான் பயின்ற சிமுலேஷனிலிருந்து எடுத்து நெட்வொர்க் நிரப்பிவிடும். எந்தப் பிக்சலில் நிரப்பியது என்று தானாக வந்து சொல்லாது. இந்த வேலையைத் தொடங்குகிறவர்களுக்குக் கைப்பழக்கத்தில் மட்டும் தெரியவரும் இடறல்களையும், அவற்றைப் பிடிக்கும் சோதனைகளையும் இங்கே எழுதுகிறோம்.

சிக்னல் எவ்வளவு சிறியது

நிரல் எழுதுவதற்கு முன் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். செம்பெயர்ச்சி (பிரபஞ்ச விரிவால் ஒளி சிவப்பை நோக்கி நகரும் அளவு; தூரத்தின் குறியீடு) 0.3-இல் ஒரு கொத்து. கேலக்ஸிகளின் வேகச் சிதறல் நொடிக்கு 1000 கிலோமீட்டர். பின்னணிக் கேலக்ஸிகள் செம்பெயர்ச்சி 1-இல் இருக்கின்றன. சமவெப்பக் கோள மாதிரிப்படி இதன் ஐன்ஸ்டைன் ஆரம் (நேர் பின்னால் உள்ள கேலக்ஸியின் ஒளி வளைந்து வளையமாகத் தெரியும் ஆரம்) சுமார் 18 வில்விநாடி; ஒரு வில்விநாடி என்பது டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு. மையத்திலிருந்து 1 மெகாபார்செக், அதாவது வானத்தில் சுமார் 225 வில்விநாடி தள்ளிப் பார்த்தால் ஷியர் 0.04. வட்டமான ஒரு பின்னணிக் கேலக்ஸியை அந்தக் கொத்து இவ்வளவுதான் நீட்டும்.

ஆனால் எந்தக் கேலக்ஸியும் பிறவியிலேயே வட்டம் கிடையாது. அதன் சொந்த நீள்வட்டத்தன்மை ஒரு கூறுக்கு 0.26 அளவில் சிதறிக் கிடக்கிறது. யூக்ளிட் விண்கலம் இலக்காக வைத்திருக்கும் சதுர வில்நிமிடத்துக்கு 30 கேலக்ஸிகள் என்ற அடர்த்தியை எடுத்துக்கொண்டு, அரை வில்நிமிடப் பிக்சல் போட்டால், ஒரு பிக்சலுக்கு ஏழெட்டுக் கேலக்ஸிகள் விழும். இரைச்சல் 0.095. சிக்னல் 0.04. தனிப் பிக்சலில் இரைச்சலே இரண்டு மடங்குக்கு மேல் பெரிது. நெட்வொர்க் வெளியே தரும் வரைபடத்தில் அந்த இரைச்சலின் சுவடே தெரியாது. அப்படியானால் எதைச் சேர்த்து, எதை வழித்தெடுத்து அந்தப் படம் உருவானது என்ற கேள்வியை முதல் நாளிலிருந்தே கூட வைத்துக்கொள்ள வேண்டும்.

1993-இல் வந்த கைசர்–ஸ்குவயர்ஸ் முறை இதை நேரடியாகச் செய்கிறது: ஷியர் வரைபடத்தை ஃபூரியர் வெளிக்கு (அலைக்கூறுகளாகப் பிரித்த வடிவத்துக்கு) கொண்டுபோய், ஒரு எளிய கெர்னலால் பெருக்கித் திரும்பக் கொண்டுவந்தால் கப்பா, அதாவது அலகில்லாத பரப்பு நிறை அடர்த்தி கிடைக்கும். இரைச்சல் அப்படியே வரும், ஓரங்களில் பிசிறு வரும், பிரகாசமான விண்மீன்களை மறைக்க முகமூடி போட்ட இடங்களில் ஓட்டை விழும். இருந்தாலும் அது பொய் சொல்லாது. நெட்வொர்க் வேலையில் இறங்கும் எவரும் இந்த முறையை முதலில் தாங்களே எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. பின்னால் வரும் சோதனைகளில் பாதிக்கு இதுதான் அளவுகோல்.

பயிற்சித் தரவு: எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள்

உண்மையான நிறை வரைபடம் தெரிந்த கொத்து வானத்தில் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே பயிற்சிக்கு சிமுலேஷன்தான் வழி. இல்லஸ்ட்ரிஸ் டிஎன்ஜி, 324 பெரிய கொத்துகளின் சூழலை உருவாக்கிய த்ரீ ஹண்ட்ரட் திட்டம், 352 கொத்துகள் கொண்ட டிஎன்ஜி-கிளஸ்டர் ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன. எண்ணிக்கை குறைவாக இருப்பதால் ஒவ்வொரு கொத்தையும் பல திசைகளிலிருந்து பார்த்துப் படமெடுப்பார்கள். சந்திரா எக்ஸ்-கதிர்ப் படங்களைப் போலச் செய்யப்பட்ட மாதிரிகளில் 2019-இல் நிறையை மதிப்பிட்ட ஒரு முக்கியமான ஆய்வில் 7,896 படங்கள் இருந்தன. அவை அத்தனையும் வந்தது 329 கொத்துகளிலிருந்து. கொத்துக்கு 24 படம். நெட்வொர்க் கற்றுக்கொள்ளும் சுதந்திரமான எடுத்துக்காட்டுகள் 329-க்குப் பக்கத்தில்தான், 7,896-க்குப் பக்கத்தில் இல்லை.

இதிலிருந்து வரும் முதல் விதி: பயிற்சி, சரிபார்ப்பு, சோதனை என்று பிரிக்கும்போது படங்களைக் கலைத்துப் போட்டுப் பிரிக்கக் கூடாது. கொத்தின் அடையாள எண்ணை வைத்துப் பிரிக்க வேண்டும். ஒரே கொத்தின் வடக்குப் பார்வை பயிற்சியிலும் கிழக்குப் பார்வை சோதனையிலும் இருந்தால், நெட்வொர்க் அந்தக் கொத்தை மனப்பாடம் செய்தே நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். ஒரே கொத்தை வெவ்வேறு செம்பெயர்ச்சியில் எடுத்த ஸ்னாப்ஷாட்டுகளுக்கும் இதே கதிதான். இளமையில் எடுத்த கொத்தும் முதுமையில் எடுத்த கொத்தும் ஒன்றே. முழுப் பெட்டி சிமுலேஷன் என்றால் இன்னும் ஒரு படி போக வேண்டும்: அண்டையில் இருக்கும் இரண்டு கொத்துகள் ஒன்றின் படத்தில் மற்றொன்று தெரியும்படி இருக்கும். அதனால் பெட்டியையே கட்டங்களாக வெட்டிப் பிரிப்பதுதான் பாதுகாப்பு. சோதனையில் கிடைக்கும் சிதறல் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், கட்டமைப்பைக் கொண்டாடுவதற்கு முன் பிரித்த விதத்தைத் திறந்து பாருங்கள்.

அடுத்தது அலகு. சிமுலேஷன் கோப்புகளில் நிறை பெரும்பாலும் பிரபஞ்சம் விரியும் வேகத்தைக் குறிக்கும் ஹபிள் அளவுருவான ‘ஹெச்’-ஆல் வகுத்த அலகில் இருக்கும். ஹெச் 0.7 என்றால், அந்த எண்ணை அப்படியே சூரிய நிறை என்று படித்துக்கொண்டால் நிறை 30 சதவீதம் குறைந்துவிடும். தூரத்திலும் இதே ‘ஹெச்’ வரும், கூடவே பிரபஞ்ச விரிவை நீக்கிய கோமூவிங் தூரமா, பௌதிகத் தூரமா என்ற குழப்பமும் வரும். எம்-500, எம்-200 (சராசரி அடர்த்தி பிரபஞ்சத்தின் மாறுநிலை அடர்த்தியைப் போல 500 அல்லது 200 மடங்காக இருக்கும் ஆரத்துக்குள் உள்ள நிறை) என்ற இரண்டு வரையறைகளும் ஒன்றல்ல. அவற்றைக் கலந்தால் இன்னொரு முப்பது நாற்பது சதவீதம் போகும். இந்தப் பிழைகள் பயிற்சியின்போது எந்த எச்சரிக்கையும் தராது. நெட்வொர்க் தவறான அலகை மிகச் சரியாகக் கற்றுக்கொள்ளும். தரவு ஏற்றும் நிரலிலேயே அலகை மாற்றி, ஒரு கொத்தின் எம்-200-ஐ வெளியிடப்பட்ட அட்டவணையோடு கையால் ஒப்பிட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போவது நல்லது.

நிறைப் பரவலும் கவனம் கேட்கிறது. 10¹⁴ சூரிய நிறைக்கு மேல் நூற்றுக்கணக்கான கொத்துகள் கிடைக்கும் அதே பெட்டியில் 10¹⁵-ஐத் தாண்டியவை ஓரிரண்டுதான் இருக்கும். அப்படியே பயிற்றினால் பெரிய கொத்துகள் எல்லாம் சிறியதாக வெளியே வரும். நிறையின் மடக்கை அளவில் ஓரளவு சமமாக வரும்படி எடுத்துக்காட்டுகளுக்கு எடை கொடுப்பதோ, பெரியவற்றுக்கு அதிகத் திசைகள் எடுப்பதோ உதவும். ஆனால் அப்படிச் செய்யும்போது நீங்கள் முன்னனுமானத்தை, அதாவது தரவைப் பார்ப்பதற்கு முன்பே நெட்வொர்க் எதிர்பார்ப்பதை மாற்றுகிறீர்கள். என்ன பரவலில் பயிற்றினோம் என்பதை வரைபடத்தோடு எழுதி வைத்தே ஆக வேண்டும்.

இரைச்சலைக் கோப்பில் சேமித்து வைக்காதீர்கள். தூய ஷியர் வரைபடத்தை மட்டும் சேமித்து, ஒவ்வொரு சுற்றிலும் புதிய இரைச்சலைச் சேர்த்துக் கொடுங்கள். சேமித்த இரைச்சலை நெட்வொர்க் மூன்று நான்கு சுற்றுகளுக்குப் பின் மனப்பாடம் செய்யத் தொடங்கும். இரைச்சலை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் ஒரு நல்ல வழி இருக்கிறது. நீங்கள் வரைபடம் போடப் போகும் அதே கணக்கெடுப்பின் கேலக்ஸிப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு கேலக்ஸியையும் அதனதன் இடத்திலேயே சீரற்ற கோணத்தில் சுழற்றிவிட்டுப் பிக்சல்களில் சராசரி எடுங்கள். உண்மையான அடர்த்தி ஏற்ற இறக்கம், எடைகள், பிரகாசமான விண்மீன்களுக்குப் போட்ட முகமூடி எல்லாம் அப்படியே இரைச்சலுக்குள் வந்துவிடும். காஸியன் எண்களைத் தூவிப் பயிற்றிய நெட்வொர்க், உண்மைத் தரவில் முகமூடி ஓரங்களில் இல்லாத முடிச்சுகளை வரையும்.

இன்னொன்று, பார்வைக் கோட்டின் நீளம். கொத்தைச் சுற்றி ஒரு குறிப்பிட்ட ஆரத்துக்குள் இருக்கும் பொருளை மட்டும் தட்டையாக்கிப் படமெடுத்தால், நமக்கும் பின்னணிக் கேலக்ஸிக்கும் நடுவே கோடிக்கணக்கான ஒளியாண்டுகளில் கிடக்கும் மற்ற அமைப்புகள் எல்லாம் விடுபடும். அவையும் ஒளியை வளைக்கின்றன. ஒரு பெரிய கரும்பொருள் சிமுலேஷனின் ஒளிக்கூம்பிலிருந்து (பார்வையாளரிடமிருந்து தூரத்துக்கு விரிந்து செல்லும் வானத் துண்டிலிருந்து) கொத்தில்லாத துண்டுகளை வெட்டி, அவற்றின் ஷியரைக் கொத்தின் ஷியரோடு கூட்டினால் இந்த இடைவெளி பெருமளவு நிரம்பும். செய்யாவிட்டால் பிழைப்பட்டை உண்மையில் இருக்க வேண்டியதைவிடக் குறுகலாக வரும்.

சுழற்றும்போது நடக்கும் விபத்து

தரவைப் பெருக்கப் படங்களைச் சுழற்றுவதும் கண்ணாடிப் பிம்பம் எடுப்பதும் வழக்கம். பூனைப் படத்துக்கு அது போதும், ஷியருக்குப் போதாது. ஷியர் ஒரு தலை-வால் இல்லாத நீட்சி, 180 டிகிரி சுற்றினால் பழையபடி ஆகிவிடும். ஆகவே படத்தை ஒரு கோணம் சுழற்றினால் ஷியரின் காமா-1, காமா-2 ஆகிய கூறுகள் அதன் இரு மடங்கு கோணம் சுழல வேண்டும். 90 டிகிரி சுழற்றினால் இரண்டு கூறுகளுக்கும் குறி மாறும். இடவலம் புரட்டினால் காமா-2-க்கு மட்டும் குறி மாறும், காமா-1 அப்படியே இருக்கும். நம்பை (NumPy) என்ற பைதான் நூலகத்தின் சுழற்றும் செயல்பாடு பிக்சல்களை மட்டும்தான் நகர்த்தும்; குறிகளை மாற்றுவது உங்கள் வேலை.

மறந்தால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் நிரல் முறியாது. ஒரே நிறை வரைபடத்துக்கு எதிரெதிர்க் குறியுள்ள ஷியர்கள் கொடுக்கப்படுவதால், குறியில் தகவலே இல்லை என்று நெட்வொர்க் முடிவு கட்டும். ஷியரின் அளவை மட்டும் வைத்து, பலமாக இருக்கும் இடத்துக்கு நடுவே ஒரு உருண்டையான மேட்டை வரையும். இழப்பு எண் (பயிற்சி குறைக்க முயலும் பிழையின் அளவு) முதலில் இறங்கிப் பிறகு ஓரிடத்தில் நின்றுவிடும். கொத்துகள் எல்லாம் வட்டமாக, துணைக் கட்டிகள் இல்லாமல் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பிழை உண்மைத் தரவில் காத்திருக்கிறது. வானப் படத்தில் கிழக்கு இடப்பக்கம்; வலது ஏற்றம் இடப்பக்கமாகக் கூடும். பிக்சல் எண்ணோ வலப்பக்கமாகக் கூடும். எந்த அச்சில் வடிவத்தை அளந்தார்கள் என்பதைப் பொறுத்து காமா-2-இன் குறி மாறிவிடும். இதற்கான சோதனை மிக எளிது. ஒரு பெரிய கொத்தின் மையத்தைச் சுற்றித் தொடுகோட்டு ஷியரை (மையத்தைச் சுற்றிய வட்டத்தின் திசையில் வரும் நீட்சியை) வளையம் வளையமாகச் சராசரி எடுங்கள். சரியாக இருந்தால் உள்ளே கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் நேர்மறையாக வரும். காமா-2 குறி தலைகீழாக இருந்தால் சராசரி பூஜ்யத்துக்குப் போய்விடும், சிக்னல் ஒரு சுற்றுக்குள் நான்கு முறை ஏறி இறங்கும் வடிவமாக மாறிவிடும். நெட்வொர்க்கைத் தொடுவதற்கு முன் இந்த ஒரு வரைகோட்டை எடுத்துவிடுங்கள்.

கட்டமைப்பைப் பற்றிச் சுருக்கமாக

படத்தைப் படிப்படியாகச் சுருக்கி மறுபடி விரிக்கும் யூ-நெட் வகை நெட்வொர்க் போதும். ஒரு பிக்சலின் நிறை, படம் முழுவதும் இருக்கும் ஷியரைப் பொறுத்தது என்பதால், மிக ஆழமான நிலையில் நெட்வொர்க்கின் பார்வைப் புலம் முழுப் படத்தையும் மூட வேண்டும். 64×64 படத்துக்கு நான்கு நிலைகள் தாராளம். உள்ளீடாக காமா-வைக் கொடுக்காமல் அளக்கக்கூடியதான குறைக்கப்பட்ட ஷியரைக் கொடுங்கள், அதாவது காமாவை ஒன்று கழித்தல் கப்பாவால் வகுத்தது. கப்பா 0.1 இருக்கும் இடத்தில் இரண்டுக்கும் பத்து சதவீத வித்தியாசம். பிக்சலுக்கான கேலக்ஸி எண்ணிக்கையையும் முகமூடியையும் தனித்தனிச் சேனலாகக் கொடுத்தால், பூஜ்ய ஷியருக்கும் தரவே இல்லாமைக்கும் நெட்வொர்க் வேறுபாடு காணும். டார்க் எனர்ஜி சர்வே தரவில் பயன்படுத்தப்பட்ட டீப்மாஸ் முறை, இரைச்சலைக் குறைக்கும் வீனர் வடிகட்டி போட்ட வரைபடத்தை உள்ளீடாக எடுத்துக்கொண்டது. பயிற்சிக் கொத்துகள் குறைவாக இருக்கும்போது இது நல்ல உத்தி. நேரியல் பகுதியை நெட்வொர்க் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

பின்னணிக் கேலக்ஸிகளின் தூரமும் உள்ளே போக வேண்டும். செம்பெயர்ச்சி 0.3-இல் கொத்து, 1-இல் பின்னணி என்றால், கப்பா 1 என்பது சதுர மெகாபார்செக்குக்குச் சுமார் 3×10¹⁵ சூரிய நிறை. தூரம் மாறினால் இந்த எண்ணும் மாறும்.

நெட்வொர்க் சொல்லும் எண் எதற்கான எண்

புதியவர்கள் மிகவும் குழம்பும் இடம் இது. சராசரி இருமடிப் பிழையைக் குறைக்கும்படி பயிற்றிய நெட்வொர்க், கொடுத்த தரவுக்குப் பொருந்தக்கூடிய எல்லா நிறை வரைபடங்களின் சராசரியைத் தருகிறது. அந்த எல்லா வரைபடங்களும் உங்கள் பயிற்சித் தொகுப்பிலிருந்து எழுபவை. தரவு பலமாக இருக்கும் இடத்தில் அந்தச் சராசரி உண்மைக்கு அருகில் நிற்கும். தரவு பலவீனமாக இருக்கும் இடத்தில் பயிற்சித் தொகுப்பின் நடுப்பகுதியை நோக்கி இழுக்கப்படும்.

இதனால், சோதனைக் கொத்துகளில் பிழையை உண்மை நிறைக்கு எதிராக வரைந்தால் கோடு சாய்வாக வரும்: சிறியவை பெரிதாகவும் பெரியவை சிறிதாகவும். பலர் இதைப் பார்த்துப் பயந்து, சாய்வை நிமிர்த்த ஒரு திருத்தக் காரணி போடுகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது. சராசரியைத் தரும் எந்த மதிப்பீட்டுக்கும் அந்தச் சாய்வு இயல்பானது. சரிபார்க்க வேண்டிய படம் வேறு: கிடை அச்சில் நெட்வொர்க் கணித்த நிறையையும், குத்து அச்சில் உண்மை கழித்தல் கணிப்பையும் வையுங்கள். இந்தக் கோடு தட்டையாக, பூஜ்யத்தில் இருக்க வேண்டும். இது சாய்ந்தால்தான் நெட்வொர்க்கில் கோளாறு. திருத்தக் காரணி போட்டால் முதல் படம் அழகாகும், இரண்டாவது படம் கெட்டுப்போகும்.

மடக்கை எடுத்துப் பயிற்றினால் இன்னொரு சிறு விஷயம் சேரும். மடக்கையின் சராசரியைத் திருப்பி நிறையாக மாற்றும்போது, அது நிறையின் சராசரியைவிடக் குறைவாகவே வரும். சிதறல் 20 சதவீதம் என்றால் குறைவு 2 சதவீதம். 30 சதவீதம் என்றால் நாலரை சதவீதம். தனிக் கொத்துக்கு இது பொருட்டே இல்லை. ஆயிரக்கணக்கான கொத்துகளை வைத்துப் பிரபஞ்ச அளவுருக்களைத் தேடுகிறவருக்கு இது பெரிய எண். 2024-இல் வெளியான, இரோசிட்டா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியின் முதல் பட்டியலில் மட்டும் 12,247 கொத்துகள் இருக்கின்றன. எண்ணிக்கை கூடக்கூட வடிவ இரைச்சல் சராசரியில் கரைந்துபோகும். முன்னனுமானத்தின் இழுப்பு கரையாது, ஒவ்வொரு கொத்தையும் பயிற்சித் தொகுப்பின் அதே நடுப்பகுதியை நோக்கித்தானே இழுக்கிறது. ஒரு குறிப்பிட்ட பிரபஞ்ச மாதிரியில் ஓட்டிய சிமுலேஷனில் பயின்ற நிறைகளைக் கொண்டே பிரபஞ்ச மாதிரியை அளக்கப் போவது வட்டமடிப்பதாகும். அந்த வேலைக்கு இந்த நிறைகளை நேரடியாகக் கொடுக்காதீர்கள்.

சராசரிக்குப் பதிலாக, சாத்தியமான வரைபடங்களை மாதிரி மாதிரியாக எடுத்துத் தரும் டிஃப்யூஷன் வகை நெட்வொர்க்குகள் இப்போது கைக்கு எட்டும் நிலையில் இருக்கின்றன. கணினி நேரம் கூடுதலாகக் கேட்கும். ஆனால் நூறு மாதிரிகளை அடுத்தடுத்துப் பார்க்கும்போது, எந்தக் கட்டி எல்லாவற்றிலும் அசையாமல் நிற்கிறது, எது வந்து வந்து போகிறது என்பது கண்ணுக்கே தெரியும். அசையாதது வானத்திலிருந்து வந்தது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

எந்த முறையானாலும் பிழைப்பட்டையைச் சோதிக்க வேண்டும். 68 சதவீத இடைவெளி என்று சொன்னால், சோதனைக் கொத்துகளில் நூற்றுக்கு 68-இல் உண்மை அதற்குள் விழ வேண்டும். இதை மொத்தமாகப் பார்த்தால் ஏமாறுவீர்கள். கணித்த நிறையை மூன்று நான்கு பிரிவாக்கி, அமைதியான கொத்துகளையும் மோதிக்கொண்டிருப்பவற்றையும் தனியாக்கிப் பாருங்கள். மொத்தத்தில் சரியாக இருப்பது, மோதும் கொத்துகளில் பெரும்பாலும் தவறியிருக்கும்.

வாயுவைச் சேர்க்கும்போது

ஷியர் மட்டும் இவ்வளவு இரைச்சலாக இருப்பதால், எக்ஸ்-கதிர்ப் படத்தையும் சுனியாயெவ்–செல்டோவிச் வரைபடத்தையும் (பிரபஞ்ச மைக்ரோஅலைப் பின்னணியில் வெப்ப வாயு விடும் சுவடு) சேர்க்கும் ஆசை வருவது இயல்பு. சேர்த்தால் எண்கள் உடனே மேம்படும். எக்ஸ்-கதிர் வெளிச்சம் வாயு அடர்த்தியின் இருமடியைப் பொறுத்தது, எனவே மையம் கண்ணைப் பறிக்கும். அந்த மையமோ குளிர்ச்சி, கருந்துளை உமிழ்வு என்று நிறையோடு சம்பந்தமில்லாத காரணங்களால் ஆடும். மேலே சொன்ன 2019 ஆய்வின் நெட்வொர்க், யாரும் சொல்லாமலே மையப் பகுதியைப் புறக்கணிக்கக் கற்றுக்கொண்டிருந்தது. எக்ஸ்-கதிர் வானியலாளர்கள் மையத்தை வெட்டிவிட்டு ஒளிர்வை அளப்பதும் இதே காரணத்துக்காகத்தான். நெட்வொர்க் சரியான இயற்பியலைப் பிடித்துக்கொண்டதற்கு இது நல்ல அடையாளம்.

ஆனால் வாயுவின் உச்சம் நிறையின் உச்சமாகவே எப்போதும் இருக்கும் என்று பாடம் படித்த நெட்வொர்க் புல்லட் கொத்தில் தடுக்கி விழும். அங்கே இரண்டு கொத்துகள் மோதியதில் வாயு பின்தங்கி நின்றுவிட்டது. நிறையின் உச்சங்கள் கேலக்ஸிகளோடு முன்னே போய்விட்டன என்று 2006-இல் வில்லை விளைவு வரைபடம் காட்டியது. கரும்பொருளுக்கு அவ்வளவு நேரடியான சான்று கிடைத்த இடத்தில், வாயுவைப் பார்த்து நிறையை வரைகிற நெட்வொர்க் அந்தச் சான்றையே அழித்துவிடும்.

இதற்குப் பயன்படுகிற ஏற்பாடு, பயிற்சியின்போது மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி எடுத்துக்காட்டுகளில் வாயுச் சேனலை முழுக்கப் பூஜ்யமாக்கிக் கொடுப்பது. பிறகு உண்மைக் கொத்து ஒவ்வொன்றுக்கும் வாயுவோடு ஒரு வரைபடம், வாயு இல்லாமல் ஒரு வரைபடம் எடுங்கள். இரண்டும் பிழைப்பட்டைக்குள் ஒத்துப்போனால் சேர்ந்த வரைபடத்தைப் பயன்படுத்தலாம். ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கொத்து சுவாரசியமானது, கையால் பார்க்க வேண்டியது.

வாயு இயற்பியல் சிமுலேஷனுக்குச் சிமுலேஷன் மாறும் என்பதும் உண்டு. கருந்துளைகள் எவ்வளவு ஆற்றலை வாயுவில் கொட்டுகின்றன என்பதை ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு விதமாகக் கையாள்கிறது. த்ரீ ஹண்ட்ரட் இதற்கு ஒரு வரம்: அதே 324 பகுதிகளை கேட்ஜெட்-எக்ஸ், கிஸ்மோ-சிம்பா என்ற இரண்டு நிரல்களில் ஓட்டியிருக்கிறார்கள். தொடக்க நிலை ஒன்றே, வாயு மட்டும் வேறு. ஒன்றில் பயிற்றி மற்றொன்றில் சோதியுங்கள், கொத்துப் பிரிவினையை இங்கேயும் கடைப்பிடித்து. இந்தச் சோதனையில் வரும் விலகலைத்தான் உண்மையான முறைசார் பிழையின் குறைந்தபட்ச அளவாக எடுத்துக்கொள்ள வேண்டும். வானம் இரண்டு நிரல்களிலும் சேராத மூன்றாவதாகவும் இருக்கலாம்.

உண்மைக் கொத்துகளின் நீர்நிலைச் சமநிலை நிறைகளை (வாயுவின் அழுத்தம் ஈர்ப்பைச் சமன் செய்கிறது என்று கொண்டு கணக்கிட்டவற்றை) இலக்காக வைத்துப் பயிற்றுவதைத் தவிர்க்கவும். வாயுவின் கொந்தளிப்பைக் கணக்கில் எடுக்காததால் அவை பத்து முதல் முப்பது சதவீதம் குறைவாக இருக்கக்கூடும் என்பது துறையில் நெடுநாள் விவாதம். நெட்வொர்க் அந்தக் குறையையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும்.

வெற்றுத் தரவைக் கொடுத்துப் பாருங்கள்

எங்கள் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை இது. கொத்தே இல்லாத வானப் பகுதியின் பட்டியலை எடுத்து, கேலக்ஸிகளைச் சீரற்றுச் சுழற்றி, தூய இரைச்சலை நெட்வொர்க்குக்குக் கொடுங்கள். பயிற்சிப் படங்கள் எல்லாவற்றிலும் கொத்து நட்டநடுவே இருந்திருந்தால், வெறும் இரைச்சலிலும் நட்டநடுவே ஒரு கொத்து வரும். அழகான கொத்து, சரியான வடிவக்கோட்டோடு. அதுதான் உங்கள் முன்னனுமானத்தின் முகம். அதைப் படமெடுத்துச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்; இனி வரும் ஒவ்வொரு வரைபடத்திலும் அதை மனத்தால் கழித்துப் பார்க்க வேண்டியிருக்கும். மருந்து: பயிற்சியில் மையத்தைப் பல வில்நிமிடங்கள் அங்குமிங்கும் நகர்த்துங்கள், கொத்தில்லாத துண்டுகளையும் கணிசமாகக் கலந்துவிடுங்கள்.

இரண்டாவது, உண்மைக் கொத்தின் பட்டியலில் ஒவ்வொரு கேலக்ஸியையும் 45 டிகிரி சுழற்றிக் கொடுப்பது. ஈர்ப்பு வில்லை விளைவு அப்படிப்பட்ட வடிவத்தை ஏறத்தாழ உண்டாக்காது. அதில் உச்சம் தெரிந்தால் அது கருவியின் குறை, அல்லது நெட்வொர்க்கின் கற்பனை.

மூன்றாவது, நெட்வொர்க்கைத் தொடாமல் தரவிலிருந்தே நேராக எடுக்கக்கூடிய ஒரு எண்ணோடு ஒப்பிடுவது. வில்லை விளைவில் பழைய சிக்கல் ஒன்று உண்டு: கப்பாவை ஓர் எண்ணால் பெருக்கி அதற்கேற்ற மாறிலியைக் கூட்டினால், கேலக்ஸி வடிவங்கள் எதுவும் மாறாது. ஆகவே வரைபடத்தின் அடிமட்டத்தைத் தரவு சொல்வதே இல்லை, நெட்வொர்க் அதைப் பயிற்சியிலிருந்து எடுத்துப் போடுகிறது. ஆனால் உள்வட்டத்தின் சராசரிக் கப்பாவிலிருந்து, அதைச் சுற்றிய வளையத்தின் சராசரிக் கப்பாவைக் கழித்தால் வரும் எண்ணில், கூட்டிய அந்த மாறிலி அடிபட்டுப்போகிறது. அந்த எண்ணைத் தொடுகோட்டு ஷியரின் தொகையீட்டிலிருந்து நேரடியாகவே கணக்கிட முடியும். நெட்வொர்க்கின் வரைபடத்திலிருந்து இதே வித்தியாசத்தை எடுத்து அருகருகே வையுங்கள். கொத்துக்குக் கொத்து இரண்டும் பிழைக்குள் பொருந்த வேண்டும். பொருந்தாத வரைபடம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் தரவுக்கு எதிரானது.

உண்மைத் தரவில் இன்னும் ஒரு ஓட்டை இருக்கிறது. கொத்தின் சொந்தக் கேலக்ஸிகள் பின்னணிப் பட்டியலுக்குள் நுழைந்துவிடும். அவற்றுக்கு ஷியர் கிடையாது. மையத்தின் அருகே பட்டியலில் ஐந்தில் ஒரு பங்கு இப்படிப்பட்டவை என்றால், ஷியர் அதே ஐந்தில் ஒரு பங்கு குறைந்து தெரியும், நிறையும் அங்கே குறையும். பட்டியலின் கேலக்ஸி அடர்த்தியை மையத்திலிருந்து வெளிப்புறமாக வரைந்து பாருங்கள். உள்ளே போகப்போக ஏறினால் கலப்படம் இருக்கிறது. நிறம் பார்த்து வடிகட்டுவதோடு, பயிற்சி மாதிரிகளிலும் ஷியரில்லாத கேலக்ஸிகளை அதே விகிதத்தில் தூவினால் நெட்வொர்க் பழகிக்கொள்ளும்.

மையத்துக்கு வேறு வழி

அரை வில்நிமிடப் பிக்சல் 30 வில்விநாடி. மேலே பார்த்த கொத்தின் ஐன்ஸ்டைன் ஆரமே 18. ஆக, மையத்தின் வளைவுகளும் பன்மடங்குப் பிம்பங்களும் ஒரு சில பிக்சல்களுக்குள் அடங்கிவிடுகின்றன. அந்தப் பிக்சல்களில் நெட்வொர்க் எழுதும் எண் பயிற்சித் தொகுப்பின் மைய வடிவம்தான், அந்தக் கொத்தின் மையம் இல்லை. மையம் தேவை என்றால் ஹப்பிள் அல்லது ஜேம்ஸ் வெப் படமும், லென்ஸ்டூல், கிளாஃபிக் போன்ற வலுவான வில்லை மாதிரி நிரல்களும் வேண்டும். அங்கே இயந்திரக் கற்றல் துணை வேலைகளில் நன்றாக உதவுகிறது: கொத்தின் உறுப்பினர்களைப் பிரித்தெடுப்பது, பன்மடங்குப் பிம்பங்களைத் தேடுவது. மாதிரியை நிரலிடமே விட்டுவிடுங்கள்.

அந்தத் துறையிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய ஒழுக்கம் ஒன்று இருக்கிறது. எம்ஏசிஎஸ் ஜே1149 கொத்துக்குப் பின்னால் 2014-இல் கண்டுபிடிக்கப்பட்ட ரெஃப்ஸ்டால் சூப்பர்நோவா இன்னொரு பிம்பமாக மறுபடி தோன்றும் என்று பல குழுக்கள் தங்கள் நிறை மாதிரிகளிலிருந்து முன்கூட்டியே கணித்து வெளியிட்டன. 2015 டிசம்பரில் அது தோன்றியது. ஏரிஸ், ஹீரா என்ற செயற்கைக் கொத்துகளின் படங்களை, உண்மை நிறையைச் சொல்லாமல் பல குழுக்களுக்குக் கொடுத்து ஒப்பிட்டதும் உண்டு. நெட்வொர்க் வரைபடங்களுக்கும் இதே வழக்கம் வர வேண்டும். உங்கள் பயிற்சியில் இடம்பெறாத ஒரு சிமுலேஷனிலிருந்து வேறொருவர் கொத்துகளைத் தேர்ந்தெடுத்து, ஷியர் பட்டியலாக மட்டும் கொடுக்கட்டும். வரைபடங்களையும் பிழைப்பட்டைகளையும் ஒப்படைத்த பிறகே விடையைத் திறக்கட்டும்.

வரைபடத்தை வெளியிடும்போது ஒற்றைப் படத்தோடு நிறுத்தாதீர்கள். சராசரி வரைபடம், பிக்சல் வாரியான சிதறல், குறைந்தது சில டஜன் மாதிரி வரைபடங்கள், வெற்று இரைச்சலில் நெட்வொர்க் வரைந்த படம், அதே தரவின் கைசர்–ஸ்குவயர்ஸ் வரைபடம், பயிற்சித் தொகுப்பின் நிறை மற்றும் செம்பெயர்ச்சிப் பரவல் ஆகிய அனைத்தும் ஒரே கோப்புறையில் இருக்கட்டும். ஹெச்-இன் மதிப்பையும், கப்பா எந்தப் பின்னணிச் செம்பெயர்ச்சிக்கானது என்பதையும் கோப்பின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.